புகையாண்டியின் ஷட்டர்

அவனுக்குப் புகையாண்டி என்று பேர் வைத்தது பக்கத்து டயர் கடைக்காரர். பொருத்தமான பேர்தான். பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி வெளியே போகாதபடி குழாய்களில் பிடித்து எஞ்சினுக்கே அனுப்பும் ஏற்பாடு ஒன்று காரில் உண்டு. அதில் ஊசி நுழையாத விரிசல் விழுந்தாலும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். மற்ற மெக்கானிக்குகள் டேங்க் மூடியை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இவன் அந்தக் குழாய்களுக்குள் ஒரு மெஷினால் புகையை ஏற்றி, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பான். ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, டார்ச்சோடு காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். துளிக் காற்று அசைந்தாலும் புகை கலைந்துவிடும் என்பான்.

அது பாதிக் காரணம்தான். ஷட்டர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில், ஸ்பேனர் அலமாரிப் பக்கம் அவன் மனைவி வந்து நிற்பாள். அவள் செத்து மூன்று வருஷம். பேச மாட்டாள்; புறங்கையால் கழுத்தைத் துடைத்தபடி அவனையே பார்ப்பாள். பயமெல்லாம் முதல் நாளோடு சரி. இப்போது மதியச் சாப்பாட்டைக்கூட ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறான். வெளியே சொன்னால் மறை கழன்ற கேஸ் என்பார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படியிருக்க, ஒரு நூலகர் அம்மா கார் கொண்டுவந்தார். எத்தனை மூடி மாற்றியும் விளக்கு அணையவில்லையாம். புகை ஏற்றியதும் டேங்கின் மேலிருந்த ரப்பர் குழாயிலிருந்து மெல்லிய இழை கிளம்பியது. கார் வீட்டில் எங்கே நிற்கும் என்று கேட்டான். அப்பா படுக்கும் அறையை ஒட்டிய ஷெட்டில் என்றார். அப்பாவுக்கு ஓயாத தலைவலி. போதாக்குறைக்கு, செத்துப்போன மனைவி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்கிறாள் என்கிறாராம். வயசுக் கோளாறு என்றாராம் டாக்டர்.

புகையாண்டி கையிலிருந்த டார்ச்சை அணைத்தான். பெட்ரோல் ஆவி தலைக்கேறினால் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும் என்பது தெரியாதவனா அவன்? ஓட்டைக் கார்களாக வந்து நிற்கிற கடை, அதில் ஷட்டர் வேறு மூடியிருக்கிறது. அவன் மனைவி வருவதற்குக் கேட்பானேன்! ஸ்பேனர் அலமாரிப் பக்கம் மட்டும் அந்த நினைப்பைத் திருப்பாமலே இருந்திருக்கிறான், கள்ளன். குழாயை மாற்றினான். அப்பாவை வேறு அறையில் படுக்க வைக்கச் சொன்னான். டாக்டரிடம் பெட்ரோல் விஷயத்தையும் மறக்காமல் சொல்லச் சொன்னான்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரே வந்தார். முகம் தெளிந்திருந்தது. தலைவலி விட்டுவிட்டது என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பழைய குழாயையே மறுபடி மாட்டிடேன் தம்பி. அவ இப்ப வர்றதே இல்ல."

"அது அவங்க இல்லைங்க ஐயா. வெறும் பெட்ரோல் ஆவி. விட்டிருந்தா உங்களையே கொண்டுபோயிருக்கும்."

பெரியவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது ஸ்பேனர் அலமாரிப் பக்கத்தில், யாருக்கோ வழி விடுகிறவர்போல ஒதுங்கி நடந்தார்.

ஊருக்குச் சொன்ன நியாயம் தனக்கில்லையா என்று அவனை அரித்தது. இன்று நாளை என்று தள்ளிப்போட்டவன், ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தான். அவள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கினான். வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்தாள்.

"மூடிடுங்க. புகை கலைஞ்சிடும்."

புகை மெஷினை அன்று அவன் தொடவே இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தான்.