மேலே பனி

கரமனையில் எங்கள் தெருவே என் அக்காவைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடும். அவள் கலெக்டர் இல்லை. பொன்முடி மலைக்கு அப்பால், ஜீப் போகாத காட்டுக் குடியிருப்புகளைக் கவனிக்கிற அதிகாரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். உட்கார்ந்தாள் என்பதே தப்பு. முன்னால் இருந்தவர்கள் அடிவாரத்துக் கல்லாறு டீக்கடையிலேயே ரிப்போர்ட்டை முடித்துவிடுவார்களாம். இவள் நடந்தே போய், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒற்றையடிப் பாதைகளை நோட்டில் வரைந்துகொண்டு வருவாள். அதே மகராசி, தெருமுனையில் கொத்தமல்லி வாங்க ஆட்டோ பிடிப்பாள். கேட்டால், "ஊர்ல நடந்தா கால் வலிக்கறதுடி" என்பாள்.

நான் பேங்கில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவள். அதனால் அவளைக் கிண்டல் பண்ணுவதை ஒரு கடமையாகவே வைத்திருந்தேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் மேலே போனாள். இரண்டாம் நாள் செய்தி வந்தது: "மேலே பனி. இறங்க முடியலை." எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஃபேனுக்கடியில் வேர்த்துக்கொண்டே, "மகாராணிக்கு ஸ்வெட்டர் அனுப்பட்டுமா? ஃபோட்டோ எடுத்துப் போடு" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அங்கே டவர் சரியாகக் கிடைக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்துக் கல்லாற்றிலிருந்து ஃபோன். மேடத்துக்குப் பனி அதிகமாகி, குடியிருப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு இறக்கியிருக்கிறார்கள் என்று மலையாளத்தில் ஒரு குரல் சொன்னது. அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்தே மலையாளம் பேசி வளர்ந்தவள் நான். இருந்தும், அக்கா எனக்கு எழுதினால் வீட்டுத் தமிழில்தான் எழுதுவாள் என்று மூடுபனியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பிடித்து ஓடினேன். டீக்கடை பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாதியாகக் கிடந்தாள்.

"ஜுரம்னு எழுதித் தொலைக்கப்படாதா?" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

"அங்க எல்லாரும் பனின்னுதான் சொல்றா. எனக்கும் அதே வந்துடுத்து" என்றாள். "நீ புரிஞ்சுண்டுதான் கேலி பண்றேன்னு நெனச்சேன்டி."



அவளைத் தூக்கி வந்தவர்களில் ஒரு பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தங்கை கிளம்பிவிட்டாள், வந்துகொண்டே இருக்கிறாள் என்று மேடம் மூன்று நாளும் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"வழி தெற்றிப்போயோ?" என்று கேட்டாள். வழி தவறிவிட்டதா என்று, நிஜமான கரிசனத்தோடு.

அக்கா கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாம், தெற்றிப்போச்சு" என்றேன்.