முன்வரிசைக் கதிரையும் ஒரு வன்ஸ்மோரும்

எழுபதுகளில் வெரிபீ என்று சொன்னாலே மெல்பேர்ன்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நகரத்துக் கழிவெல்லாம் வந்து சேரும் பண்ணை அங்கேதான் இருந்தது. அந்தப் பண்ணையில்தான் எனக்கு எஞ்சினியர் வேலை. யாழ்ப்பாணத்துக்கு எழுதும் கடிதங்களில் ‘நீர்வளத் துறை’ என்று எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஓபராக் கம்பனியும் இருந்தது. காற்று பண்ணைப் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் மண்டபத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை கம்பனித் தலைவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கழுத்தில் முத்துமாலை, கையில் துண்டுப்பிரசுரம். வரப்போகும் பருவத்தில் என்னென்ன ஓபரா, எந்தப் பள்ளிக்கூடத்தில் இலவசப் பாட்டு, எந்த முதியோர் இல்லத்தில் தேநீரோடு பாட்டு என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசியாகச் சமூக அரவணைப்புத் திட்டம்: புலம்பெயர்ந்து வந்தவர்களே, வாருங்கள், பங்குபற்றுங்கள். அரசாங்கம் எங்களைப் போன்றவர்களைத் திடீரென்று விரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் தெருவில் அரவணைக்கத் தோதான நிறத்தில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

அந்தக் கடைசி வரியை என் மனைவி இரண்டு தரம் வாசித்தாள். ஊரில் முறையாகச் சங்கீதம் படித்தவள், கச்சேரி செய்தவள். இங்கே வந்த புதிதில் குசினியில் சமைத்துக்கொண்டு நின்று ஒருநாள் வாய்விட்டுப் பாடியபோது, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரர் கரிசனையோடு வந்து கேட்டுவிட்டார். அன்றோடு வாயை மூடியவள், தலைவி தேநீரைக் குடிக்கத் தொடங்கும் முன்பே கேட்டாள்: “கோரஸில் நானும் சேரலாமா?”

தலைவி ஏதாவது பாடச் சொன்னார். பாடினாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

“மிகவும் சுவாரசியமான குரல்,” என்றார் தலைவி. வெள்ளைக்காரர் நாகரிகத்தில் சுவாரசியம் என்றால் கதவைச் சாத்துகிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு அது விளங்கக் கொஞ்சக் காலம் பிடித்தது. “ஆனால் உங்களுக்கு அதைவிட முக்கியமான பங்கு இருக்கிறது. முன்வரிசையில் உட்கார இரண்டு கதிரை. இந்த அழகான சேலையோடு வாருங்கள். பத்திரிகைக்காரர் படம் எடுப்பார்.”

அவர் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ, நான் பாடத்தானே கேட்டனான்? அவ கதிரை தாறா.”

“முன்வரிசை எண்டால் சும்மாவே? நாலு சனம் எங்களைப் பாக்குமப்பா.”

“ஓம், பாக்கும். ஆரும் கேக்கமாட்டினம்.”

ஊரைச் சுற்றிக் காலிபிளவர் பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலிக்காரர்கள். ஓபரா பாடியதும் இத்தாலி மொழியில்தான். அவர்களை அரவணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் இருந்தார்கள். ஒரு சொல்லும் விளங்காத நாங்கள் முன்வரிசையில் இருந்து, கமராவைப் பார்த்துச் சிரித்தோம்.

கதாநாயகி எங்கள் தபால்கந்தோரில் முத்திரை விற்கும் பெண். கதையில் அவளுக்குக் காசநோய். ஒருதரம்கூட இருமாமல் நெடுநேரம் பாடிவிட்டுச் செத்தாள். ஆனால் என்ன பாட்டு! என் மனைவி கண்ணைத் துடைக்கவும் மறந்து இருந்தாள். வாத்தியங்கள் ஓய்ந்து, மண்டபமே மூச்சடக்கி இருந்த நேரத்தில் எழும்பி நின்று கத்தினாள்.

“வன்ஸ்மோர்!”

ஊரில் கோயில் திருவிழா நாடகங்களில் அதுதான் வழக்கம். நன்றாகப் பாடிச் செத்தவனைச் சும்மா விடமாட்டார்கள். வன்ஸ்மோர் கேட்டால் பிணம் எழும்பி, வேட்டியில் மண்ணைத் தட்டி, அதே பாட்டைப் பாடிவிட்டு மறுபடி சாகும். ஒரு பாட்டுக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை. “இரும், இரும்!” என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் பின்வரிசையில் காலிபிளவர்க்காரர்கள் தரையைக் காலால் உதைத்து, தங்கள் மொழியில் அதையே கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். மேடையில் பிணம் ஒரு கண்ணைத் திறந்து வாத்தியக் குழுவை நடத்தியவரைப் பார்த்தது. அவர் தாள்களைப் பின்னுக்குப் புரட்டினார். அவள் எழும்பிப் பாடினாள். இரண்டாம் தரம் இன்னும் நன்றாகச் செத்தாள்.

திரை விழுந்ததும் பூச்சு கலைக்காமல் இறங்கி வந்து, யார் கேட்டது என்றாள். என் மனைவி பயந்து பயந்து கையைத் தூக்கினாள்.

“இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இன்னொருமுறை கேட்டதில்லை. நீங்களும் பாடுவீர்களா?”

“கோரஸுக்குக் கேட்டேன். கதிரை தந்தார்கள்.”

“புதன்கிழமை ஒத்திகை. என்னோடு வாருங்கள்.”

தலைவி வாயைத் திறந்தார். பக்கத்தில் பத்திரிகைக்காரர் நின்றதால் மூடிக்கொண்டார்.

அடுத்த பருவத்துக்கு எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. முன்வரிசை, தேசிய உடை. கீழே தலைவியின் கையெழுத்தில்: நிகழ்ச்சியின்போது தயவுசெய்து அமைதி காக்கவும். மெல்பேர்ன் குளிரில் வேட்டி கட்டிக்கொண்டு போய் நடுங்கியபடி இருந்தேன். மேடையில் ஏதோ ஐரோப்பியக் கிராமத்துப் பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். கடைசியில் நின்றவளுக்கு முகமெல்லாம் வெள்ளைப் பவுடர் அப்பியிருந்தார்கள். கிராமத்துக்குப் பொருந்த வேண்டுமாம். என் மனைவியை எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. குரலை அடக்கிப் பாடச் சொல்லியிருந்தார்கள். அவள் அடக்கவில்லை.

கதிர் அறுப்பதைப் பற்றிய சின்னப் பாட்டு. முடிந்ததும் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். கோரஸிடம் யாரும் இன்னொருமுறை கேட்பதில்லையாம். இரண்டு கதிரை தள்ளி இருந்த தலைவி என்னைக் கண்ணாலேயே கட்டிப்போட்டிருந்தார். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும்பினேன்.

“வன்ஸ்மோர்!”

பின்வரிசையில் உதைக்கத் தொடங்கினார்கள். என் மனைவி கூடையை மறுபடி தூக்கிக்கொண்டாள்.