கூண்டில் நின்று சொன்ன உறவு

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். ஆனால் தம்பி விஷயத்தில் மட்டும் பல வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் புடவையின் உடலை நெய்வார், பக்கத்தில் உட்காருபவர் கரை நூல் ஓடுகிற நாடாவைப் போடுவார். அப்படிக் கரைக்கு உட்காரத்தான் தாமல் கிராமத்திலிருந்து ஒருவர் என் தம்பியிடம் வந்தார். மறுவருஷம் அவருடைய துணிமணியும் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டது. யாராவது கேட்டால், "கோர்வைக்கு ஆள்" என்போம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் தெருவோ தானாகவே வாயை மூடிக்கொண்டது. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன திருவிழாவில் தம்பி அவருக்குப் புளியோதரை ஊட்டிவிடுகிற போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஊரின் புனிதத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம், இருவரையும் ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருந்தது. தம்பி சிரித்தான். நான் அன்றிரவு வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

ஒரு காலையில் தெருவில், தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். பாவு விரித்திருந்தால் எங்கள் தெருவில் ஒருவரும் தாண்டமாட்டார்கள். பைக்கில் வருகிறவர்கள்கூடத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போவார்கள். அன்று ஒருவன் கத்தியோடு ஓடிவந்து அதை ஒரே தாண்டாகத் தாண்டினான். "ஊரக் கெடுக்க வந்தவனுங்களா" என்று கத்திக்கொண்டே தம்பியின் தோளில் குத்தினான். அடுத்த குத்து வயிற்றுக்கு வந்தது. அதை அவர் வெறும் கையால் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் என்ன கத்தினேன் தெரியுமா? "டேய், பாவத் தாண்டாதடா." கூடப் பிறந்தவன் மேல் கத்தி பாய்கிறது, எனக்குப் பட்டு நூல் பற்றிய கவலை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

குத்தியவன் தப்பி ஓடி, இரண்டு நாள் கழித்துப் பிடிபட்டான். தம்பிக்குத் தோளில் தையல். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமலே போய்விட்டன.

வழக்கு வந்ததும் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். "பைக் நிறுத்தற தகராறுன்னு சொல்லிடுமா. பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம்." நான் பதில் சொல்லுமுன் என் மகள் சொன்னாள், "மாமாவ மறைச்சாதான் வருவான்னா, அந்த வரனே வேணாம் தாத்தா." இவளைப் பெற்றதற்கு நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நான் கத்தியதையே பிடித்துக்கொண்டார். "பாவப் பாத்துக்கினு இருந்த உங்களுக்கு, வந்தவன் முகம் எப்படிம்மா தெரியும்?"

"எங்க தெருவுல பாவத் தாண்டற ஆள நான் பாத்ததே இல்லீங்க. யாருடா இவன்னு அவன் மூஞ்சியப் பாத்துதான் கத்தினேன். தோ, அவன்தான்" என்று கை காட்டினேன்.

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "கையில காயம்பட்டவர் உங்களுக்கு என்ன வேணும்? கோர்வைக்கு ஆளா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம். அத்தனை வருஷமும் சொன்னதுதான். பெரியப்பா பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளைங்க. என் தம்பியும் அவரும் ஒண்ணா குடும்பம் நடத்தறாங்க. அதுக்காகத்தான் இவன் குத்தினான்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. "அவங்க சொன்னத அப்படியே போடுங்க" என்றார் நீதிபதி. கூண்டிலிருந்து இறங்கிப் பெரியப்பாவைத் தாண்டித்தான் வெளியே போனேன். என் தலை குனியவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் சாட்சி சொன்ன அடுத்த வாரம் தெருவில் பாவு விரித்தோம். பாவு பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து நான்கு மணிக்கே எழுந்து கஞ்சி காய்ச்சினேன். விடிவதற்குள் தெருவே வந்து நின்றது. அவர் மட்டும் மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

எதிர்வீட்டு அம்மா பாவின் முனையைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க மாப்பிள்ளைய வரச் சொல்லும்மா. கஞ்சி ஆறிக்கினு இருக்குது."