வேல் குறி சுட்ட மாடு

கண்டிக்கு ரயில் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை பின்னேரம் இது நடந்தது. அப்போது நான் அந்தப் பட்டணத்தில் ஒரு கோப்பி ஸ்டோரில், காப்பிக்கொட்டை சேர்த்துவைக்கும் கிட்டங்கியில், கிளாக்கர். ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து வண்டிலில் வந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்து ‘வந்தது’ என்று எழுதுவதும், கொழும்புக்கு ஏறும் மூட்டைகளைப் பார்த்து ‘போனது’ என்று எழுதுவதும் என் உத்தியோகம். இதற்காகத்தான் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு லத்தீன் வரைக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த மாதம் என் மனைவி காய்ச்சலில் விழுந்து எழும்பியிருந்தாள். எழும்பியிருந்தாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். காய்ச்சல் போய்விட்டது, பசி திரும்பி வரவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி வந்து நாடி பார்த்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, மருந்து செய்வதைச் செய்துவிட்டது, இனி வாய்க்குள் ஏதாவது போனால்தான் ஆள் தப்பும் என்றார். சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலையில் அவளே வாயைத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, இறைச்சிக் குழம்பெண்டால் ரெண்டு வாய் தின்னுவன் போல கிடக்கு.”

“மாட்டிறைச்சியோ?”

“பின்னை, ஆனை இறைச்சியோ?”

இவள் பிழைத்துக்கொள்வாள் என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினேன்.

சந்தையடியில் அக்குறணை ஊர் முஸ்லிம் ஒருவர் இறைச்சிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருப்பு. அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். கண்டியில் அந்த நாளில் நல்ல இறைச்சி என்றால் அது விடியுமுன்பே துரைமார் பங்களாக்களுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது நமக்கு. நானா ஒரு துண்டை வெட்டித் தாமரை இலையில் வைத்துக்கொண்டே எச்சரித்தார்.

“இது வண்டில் மாடு, கிளாக்கர். அவசரப்பட்டா பல்லுத்தான் போகும். மெல்ல வேக விடுங்க.”

பின்வேலியில் அந்த மாட்டின் தோல் காய்ந்துகொண்டிருந்தது. தொடைப்பக்கத்தில் நன்றாகத் தெரியும்படி ஒரு வேல் குறி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டில் முதலாளிகள் தங்கள் மாடு களவு போனால் அடையாளம் காட்டுவதற்காக ஆளுக்கொரு குறி வைத்துச் சுடுவார்கள். ஒருவருக்கு எழுத்து, ஒருவருக்குப் பூ. பக்திமான் ஒருவருக்கு வேல். அந்தப் பக்திமான் எங்கள் வீட்டுக்காரர். முன்பக்கம் அவருடைய அரிசிக்கடை, பின்பக்கம் அவர் வாடகைக்கு விட்ட வரிசை வீடுகள். அதில் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் அரிசி வண்டிலோடு விழுந்து கால் முறிந்த மாடாம். வாலை முறுக்கியும் சாட்டையால் அடித்தும் எழுப்பப் பார்த்து, எழும்பாமல் போகவே, முதலாளியே ஆள் அனுப்பி, வேறொரு வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்து உயிரோடு விற்றுவிட்டார் என்றார் நானா. எனக்கு மனம் ஒரு மாதிரிதான் ஆனது. ஆனாலும் இலைப் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை.

சமையல் நான்தான். அடுப்பில் நான், கட்டிலில் மேற்பார்வை. கறுவாப் பட்டையும் ரம்பை இலையும் போடச் சொன்னாள், போட்டேன். வினாகிரி கொஞ்சம், பச்சைப் பப்பாசிக்காய் ஒரு துண்டு, வறுத்து இடித்த தூள், தேங்காய் இரண்டாம் பால். தீயைக் குறையுங்கோ என்றாள், குறைத்தேன். “குறைக்கச் சொன்னன், அணைக்கச் சொல்லேல்லை” என்றாள். மத்தியானம் ஏற்றிய சட்டி பின்னேரமாகியும் மசியவில்லை. பாவம், உயிரோடிருந்தபோது விட்டுக்கொடுத்தே பழகிய மாடு, சட்டிக்குள் வந்துதான் பிடிவாதம் பிடித்தது. ஆனால் வாசம் வந்துவிட்டது. அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி மூச்சை இழுத்ததைக் கண்டேன்.

மூச்சை இழுத்தது அவள் மட்டுமில்லை. வீட்டுக்காரர், வரிசை வீடுகளில் குடியிருந்த நாலைந்து பேரோடு வாசலில் வந்து நின்றார். நாங்கள் மீன் சமைத்த நாட்களில் அவருடைய மூக்கு வேலை செய்ததில்லை. அன்று செய்தது.

“கிளாக்கர் ஐயா, உள்ள என்ன வேகுது?”

சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைகூப்பிக்கொண்டே சொன்னார்: விளக்கேற்றுகிற வீடு, கோமாதாவை வேகவைக்கிற இடமில்லை, ஒன்று சட்டி வாசல் சாக்கடைக் கானுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இப்போதே வெளியே போக வேண்டும். உள்ளே சுகமில்லாத பெண் இருக்கிறாள் என்றேன். அதனால்தான் பொறுமையாகச் சொல்கிறாராம்.

அப்போதுதான் எனக்குள் படித்தவன் விழித்துக்கொண்டான். கையில் சாட்சி இருக்கிறது. தோல் வேலியில் தொங்குகிறது. இப்படியொரு சந்தர்ப்பம் மனுஷனுக்கு ஆயுளில் ஒருதரம்தான் வரும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அது உங்கள் மாடு. உங்கள் வேல் குறி. உங்கள் வண்டிலில் கால் முறிந்து, உங்கள் ஆள் கொண்டுபோய் விற்ற மாடு. மலையிலே விழுந்ததை அடித்து, இறைச்சிக்கடைக்கு விற்ற கைக்கு வராத பாவம், நோயாளிக்குக் குழம்பு வைத்த கைக்கு எப்படி வந்தது?

சொல்லிவிட்டு, அவர் தலை குனிவதற்காகக் காத்திருந்தேன்.

குனியவில்லை. என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வித்தது யாவாரம் ஐயா. மாடு என் கைய விட்டுப் போயிருச்சு. வீடு இன்னும் என் கையிலதான இருக்கு.”

கூட வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கேளுங்கள், தலையை ஆட்டினார்கள். நியாயமாகத்தானே சொல்கிறார் என்றார் ஒருவர். என் வீட்டில் பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்போகிற மனுஷன் அவர். எனக்கு லத்தீனில்கூட ஒன்றும் வரவில்லை.

உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, கதைச்சது போதும். இறைச்சி அடிப்பிடிக்குது.”

பிறகு, “வீட்டை விடுவம். சட்டியை விடேலாது” என்றாள்.

நான் மழைக்குள் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று யோசிக்கவில்லை. கால் சந்தையடிக்குத்தான் போனது. நானா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரின் அநியாயத்தை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலே நிறுத்தினார்.

“அதெல்லாம் பொறகு சொல்லலாம். அவங்க நடப்பாங்களா?”

“நடக்க மாட்டா.”

“அப்ப கதிரையில வச்சுத் தூக்குறதுதான். வாங்க.”

கையில்லாத பிரம்புக் கதிரை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவளைப் போர்வையால் சுற்றி அதில் உட்கார்த்தினோம். சட்டியை எங்கே வைப்பது என்று நான் முழிக்க, அவள் மடியைத் தட்டிக் காட்டினாள். சாக்கை நாலாக மடித்து மடியில் விரித்து, அதன்மேல் சட்டியை வைத்தேன். மூடியை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டாள். ஒரு பக்கம் நானா, மறுபக்கம் நான். வரிசை வீடுகள் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. வீட்டுக்காரர் பெருந்தன்மையாக ஒதுங்கி வழிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

தெருவெல்லாம் வண்டில் சக்கரம் உழுத சேறு. நான் இரண்டு தரம் சறுக்கினேன். “ஆளை விழுத்தினாலும் பரவாயில்லை, குழம்பை ஊத்திப்போடாதேங்கோ” என்றாள் மேலேயிருந்து. நானா சிரித்த சிரிப்பில் கதிரை ஒரு பக்கம் சரிந்தது.

கடைக்குப் பின்னாலிருந்த அறையில் நானாவின் மனைவி ஒன்றும் விசாரிக்கவில்லை. அடுப்பிலிருந்த தன் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் சட்டியை ஏற்றினாள். “லாத்தாவுக்கு முதல்ல தலையைத் துடைங்க” என்று, என் மனைவிக்கு அக்கா முறை வைத்து, ஒரு துணியை என்னிடம் எறிந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டியால் அழுத்தினால் பிரிகிற பதத்துக்கு இறைச்சி வந்தது. முதற்பாலை ஊற்றி ஒரு கொதியில் இறக்கினோம். குழைந்த சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய். இன்னொரு வாய். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உப்புக் குறைவு” என்று சொல்லிவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினாள்.

அந்தப் பின்னறையில் இரண்டு வாரம் இருந்தோம். பிறகு வேறு வீடு கிடைத்தது, அவளும் தேறிவிட்டாள். இப்போது ரயில் வந்து கொழும்புப் பாதையில் வண்டில் தொழில் படுத்துவிட்டது. பழைய வீட்டுக்காரர் தர்மத்தில் இறங்கி, மாடுகள் தண்ணீர் குடிக்கத் தெருவோரத்தில் கல்தொட்டி கட்டியிருக்கிறார். அதில் தன் பெயரையும் வெட்டியிருக்கிறார். என்னைக் கண்டால், “வாங்க கிளாக்கர் ஐயா, வீட்ல சுகமா இருக்காங்களா?” என்று உண்மையான அன்போடு விசாரிக்கிறார். அவருக்கு வெட்கமே இல்லை என்பதல்ல, வெட்கப்பட ஒன்றும் நடக்கவில்லை என்றே அவர் நம்புகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடுங்கோ என்கிறாள் மனைவி. என்னால் விட முடியவில்லை.

அந்த வாசலில் நான் பேசியதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை, இன்றைக்கும் அப்படியே பேசுவேன். ஆனால் என்னுடைய அத்தனை நியாயமும் சேர்ந்து அவளுக்கு ஒரு வாய்ச் சோறு ஊட்டவில்லை, கதை கேட்க நிற்காமல் கதிரையின் மறுபக்கத்தைத் தூக்கிய ஒரு மனிதனால்தான் அவள் சாப்பிட்டாள் என்பதை, கோபம் வருகிறபோதெல்லாம் கூடவே நினைத்துக்கொள்கிறேன்.