டாக்டர் காது வைத்த பெட்டி

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் இடது காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரம் கடையில் யாரும் மூச்சுவிடக் கூடாது; மேசை விசிறியைக்கூட மனைவி நிறுத்திவிடுவாள். கணினிக்குள் சுற்றும் விசிறிகளைக் கேட்டு முடித்து, "பூனை நடக்கிற மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பார். இப்படிக் காது வைத்து வைத்தே தெருவில் அவருக்கு டாக்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய மனிதர். கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுப்பது தொழில்.

வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். இவர் வீட்டைப் பற்றிக் கேட்பார். "பொட்டி எந்த ரூம்ல இருக்கப்போகுது? அங்க வேற யாரு இருப்பா?" அதற்குப் பிறகுதான் கேம் ஆடவா, வீடியோ எடிட் பண்ணவா என்ற பேச்சு. ஆட்டத்துக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு முக்கியம், எடிட்டிங்குக்கு பிராசஸரும் மெமரியும் தாராளமாக வேண்டும், இரண்டும் வேண்டுமென்றால் பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது என்று விலாவாரியாகச் சொல்வார். கண்ணாடிக் கதவும் கலர் விளக்குமாகப் பெட்டி கேட்பவர்களைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "உள்ள யாருங்க குடியிருக்கப் போறா, இவ்வளவு லைட்டு?" பாதிப் பேர் சிரித்துவிட்டுச் சாதாரணப் பெட்டியையே எடுத்துக்கொள்வார்கள்.

சென்ற மாதம் ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா வீடியோ எடிட் செய்து பிழைப்பவள். தம்பி கேம் பைத்தியம். வீட்டில் இருப்பது ஒரே அறை. நோயில் விழுந்த அம்மா படுத்திருப்பதும் அதில்தான்.

"அம்மாவுக்குத் தூக்கம் வர்றதே அபூர்வம்ணா. கொஞ்சம் கண்ணசந்தா எழுப்பிடக் கூடாது" என்றாள்.

டாக்டர் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தார். மெதுவாகச் சுற்றும் அகலமான விசிறி, தடித்த தகட்டுப் பெட்டி என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார். பூட்டி முடித்து, கேம் ஒன்றை ஓடவிட்டுக் காது வைத்தார். பூனைதான். அவர் முகத்தில் அன்று அப்படி ஒரு நிறைவு.

சில நாளிலேயே அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். குறை சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்தது. "கொசு மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம்ணா. வேலை வாங்கினாலே வந்துடுது. அம்மா கொசுன்னு நெனச்சு, தூங்காம கையை வீசிக்கிட்டே படுத்திருக்காங்க."

"கொசுவா? நம்ம பொட்டியிலயா?"

கேமை ஓடவிட்டுக் காது வைத்தார். விசிறியின் மெல்லிய உறுமல் கேட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வலது காதையும் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேம்மா" என்று நிமிர்ந்தால், அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். கல்லாவில் இருந்த மனைவியின் விரல் காதருகே இருந்தது. அவர் பார்த்ததும் சட்டென்று இறக்கிக்கொண்டாள். அந்த அவசரத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் கேட்டுச்சு. உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். எப்படிங்க சொல்றது? போன் அடிக்கிறதே இப்பல்லாம் உங்களுக்குக் கேக்கிறதில்ல."

போன்தான் சரியில்லை என்று மாதக்கணக்காக அவர் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார். இந்தக் காதை நம்பி இன்னும் எத்தனை வீடுகளுக்குக் கொசுவை அனுப்பினாரோ. அக்காவிடம், "தப்பு என் மேலதாம்மா. செத்த உக்காரு, மாத்தித் தர்றேன்" என்றார்.

சத்தம் கிராபிக்ஸ் கார்டில் என்று ஊகித்து, வேறொன்றை எடுத்துப் பொருத்தினார். கேமை ஓடவிட்டார். பழக்க தோஷத்தில் தலை தானாகப் பெட்டியின் பக்கம் சாய்ந்தது, பாதியில் நின்றது.

தன் ஸ்டூலை இழுத்துப் பெட்டியருகே போட்டார். "நீ வந்து கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்து, காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் போய் மேசை விசிறியை நிறுத்திவிட்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

கொசு இன்னும் போகவில்லை என்று அவள் தலை மெல்ல அசைந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்டியை மறுபடி திறக்க ஆரம்பித்தார்.