அப்பாவின் கண்ணுக்குச் சப்பாத்தி

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. முதலில் வலது கண்ணில் புரையை எடுக்கலாம் என்றார் கண் டாக்டர். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி; மூத்திரத்தில் சர்க்கரை குறைந்தால்தான் கத்தி வைப்பேன், இல்லையென்றால் புண் ஆறாமல் சீழ் பிடித்துக் கண்ணே போய்விடும் என்றார். வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் வந்துவிட வேண்டும், மழையில் நான் கண்ணைத் தொடுகிற வழக்கமில்லை என்றும் சொன்னார். இன்சுலின் கப்பலில் வர வேண்டிய மருந்து. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த கொஞ்சத்தையும் உயிருக்கு மன்றாடுகிறவர்களுக்காகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

"சோறு வேண்டாம். கோதம்பு மதி. பின்னே நோக்கலாம்," என்று, கோதுமை போதும் என்பதை மலையாளமும் தமிழுமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்போது மீன மாதம் பாதி, தமிழுக்குப் பங்குனி. வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வீடு இருக்கிற கோட்டைக்குள் நுழையும்போதே நான் மேகம் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு பரிசோதனைச் சாலையில் எனக்கு வேலை. பாலில் எவ்வளவு தண்ணீர், காப்பிப்பொடியில் எவ்வளவு புளியங்கொட்டை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எதையும் பட்டியலாகப் போட்டுக்கொண்டால்தான் எனக்கு மூச்சு சீராகும். வீடு வருவதற்குள் போட்டுவிட்டேன். கோதுமை, இருக்கிறது: பர்மா அரிசி நின்றதிலிருந்து ரேஷனில் அதைத்தான் தலையில் கட்டினார்கள், எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை மாட்டுக்கு வைத்தார்கள். உருட்ட, அப்பளப் பலகையும் குழவியும். சுட, தோசைக்கல்.

அம்மா பட்டியலில் கடைசி வரியை அடித்துவிட்டாள்.

"கல்லைத் தொடாதே. எண்ணெயில்லாம அதிலே வரட்டினியோ, அப்புறம் தோசை எழும்பாது. என் கைக்குப் பழகின கல்லு."

ஆகவே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், விளிம்பு கொஞ்சமாக உயர்ந்த தட்டையான இரும்புச் சட்டி ஒன்று வாங்கி வந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, புகைய விட்டு, மறுபடி தடவினேன். அடுக்களைக்கு வெளியே தாழ்வாரத்தில் குமுட்டி அடுப்பில் சிரட்டைக் கரி போட்டு ஆரம்பித்தேன்.

முதல் நாள் சப்பாத்தியைக் கிணற்றுச் சுவருக்கு அப்பாலிருந்து அடுத்தாத்து மாமி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இதைப் பட்டாளத்துக்கு அனுப்பி வையேன். பூட்ஸுக்கு அடித்தோல் கிடைக்கலையாம்."

அப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் ஒரு பக்கம்தான். அவர் நில அளவை ஆபீசில் தாலுக்காப் படங்கள் வரைந்து ஓய்வு பெற்றவர். சப்பாத்தியைக் கையில் வாங்கி, விரலால் அதன் ஓரத்தைச் சுற்றித் தடவினார்.

"கெழக்கே மலை நன்னா முட்டிண்டிருக்கு. கடலே இல்லே. நெடுமங்காடு தாலுக்கா," என்றார். ஒரு மூலையைக் கடித்து வெகுநேரம் மென்றார். "மலைப் பிரதேசம் கொஞ்சம் கடினம்தான்."

சுட்டவுடன் சாப்பிட்டால் அது எப்படியோ உள்ளே இறங்கிவிடும். நான் வேலைக்குப் போன பிறகு, பூஜை எல்லாம் முடித்து, உச்சி வேளைக்குத்தான் அவர் உட்காருவார். அதுவரை அது மெத்தென்று இருக்க வேண்டும். விடியலில் எழுந்து ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீருக்குப் பதில் கொதித்த தண்ணீர். பிசைந்தவுடன் உருட்டாமல், நான் குளித்துவிட்டு வரும்வரை ஈரத்துணிக்கு அடியில் மாவுக்கு ஓய்வு. உருட்டும்போது மேலே தூவுகிற மாவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் துளி விழுந்தால் உருண்டு ஓட வேண்டும். போட்டு, நிறம் மாறினதும் திருப்பி, குமிழ் விட்டதும் மறுபடி திருப்பி, எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டால் அது தோலாகிவிடும். எடுத்ததை ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பித்தளைச் சம்புடத்தில் அடைத்தேன். துணி ஆவியைக் குடித்து, அதைத் திருப்பிச் சப்பாத்திக்கே கொடுத்தது. அந்தச் சம்புடத்தை மூடிவிட்டு வேலைக்குப் போவேன். ஆனால் அங்கே போயும் மனசு மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

விறகுக் கொட்டிலில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் நாலைந்து கண்ணாடிக் குழாயும் வைத்திருந்தேன். மயில்துத்தம் சேர்ந்த நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். நிறைய இருந்தால் செங்கல். பெண்ணிடம் அந்தப் புட்டியைக் கொடுக்க அப்பா முதலில் மிகவும் கூசினார். பிறகு, "சர்க்கார் தஸ்தாவேஜு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டால்தான் எனக்கு உள்ளே இடம்.

காலைக் குழாய் பச்சைக்கு வந்தது. சாயங்காலக் குழாய், சப்பாத்தி சாப்பிட்ட பிறகு எடுத்தது, செங்கல்லாகவே இருந்தது.

சப்பாத்தி அதிகமோ என்று ஆறை நாலாக்கினேன். செங்கல். மூன்றாக்கினேன். அதே செங்கல், முன்னைவிடக் கொஞ்சம் கெட்டியாக. அப்பா நடப்பது குறைவோ? தாழ்வாரத்தில் நடக்க வைத்தேன். மோரில் ஏதாவது? மோரை நிறுத்தினேன். கோவில் பாயசம்? அவரால் தனியாகக் கோவிலுக்குப் போக முடியாது. மேட மாதம் வந்துவிட்டது. சாயங்காலங்களில் தூரத்தில் இடி கேட்க ஆரம்பித்தது. கோடை மழைதான், ஆனாலும் ஒவ்வொரு இடிக்கும் நான் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். மீதம் வந்தால் சப்பாத்தியை அமுக்கிப் பார்க்கலாம். ஆனால் மீதமே வருவதில்லை. ருசி இருக்கிறதா என்று கேட்டால், "பஞ்சு" என்பார் அப்பா.

ரேஷன் கோதுமையில் யாராவது எதையாவது கலந்திருப்பார்களோ என்று கடைசியில் மாவையே பரிசோதனைச் சாலைக்கு எடுத்துப் போனேன். மாவு மாவாகத்தான் இருந்தது. அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. பாதி நாள் லீவு கேட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தேன்.

கூடத்தில் அப்பா மணையில் உட்கார்ந்திருந்தார். சம்புடம் காலியாகப் பக்கத்தில் இருந்தது. எதிரே வாழையிலை. இலையில் சாதம், அதில் ரசம். அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, இது என்ன?"

"வந்துட்டியா? சாப்பிடறேன்."

"சப்பாத்தி?"

"அது அப்பவே ஆயிடுத்தே. மெத்து மெத்துன்னு இருந்தது, மூணையும் தின்னுட்டேன்."

"பின்னே இது?"

"இது சாப்பாடு," என்றார், ஒளிக்க எதுவும் இல்லாதவரைப் போல.

எங்கள் வீடுகளில் கோதுமையில் எதைப் பண்ணினாலும் அது பலகாரம். ஏகாதசிக்கும் அமாவாசை ராத்திரிக்கும் உள்ளது. சாதம் விழுந்தால்தான் அது சாப்பாடு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் டாக்டர் சொன்ன பிறகும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சோறு வேண்டாம்னு டாக்டர் சொன்னாரோல்லியோ?"

"நெறைய வேண்டாம்னார். இது ஒரு பிடி."

"ஒரு பிடியா? இலையைப் பாருங்கோ!"

"நான் எங்கேடி பாக்கறது?" என்றார் அப்பா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நீ சப்பாத்தியைக் கொறச்சே, பசிச்சுது. பிடி கொஞ்சம் பெரிசாச்சு."

"ஏன் சாப்பிடணும்? யார் போடச் சொன்னா?"

"நான் யாரையும் சாப்பிடச் சொல்லலே," என்றாள் அம்மா. கரண்டி பாத்திரத்தில் இடித்தது.

"அவ சொல்லமாட்டா," என்றார் அப்பா. "நான் சாப்பிட்டு எழுந்த இலையிலேதான் அவ உக்காருவா. நான் பலகாரத்தோட எழுந்துண்டா அவ பட்டினி. மொதல்லே அப்படித்தான் கெடந்தா. நீ ஆபீஸ் போயிட்டே, நோக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கண்ணுதானே தெரியாது. அவ குடத்துலேருந்து தண்ணியை மொண்டு மொண்டு குடிக்கறது காதிலே விழும்."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "நீ சாப்பிடேன் அம்மா. அப்பாவுக்குத்தான் ஆயிடுத்தே."

"அவர் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது?"

"சாப்பிட்டாச்சே!"

"பலகாரம்னா ஆச்சு."

இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். அரிசியும் கோதுமையும் வயிற்றில் என்னவாகிறது, எவ்வளவு சேர்ந்தால் எவ்வளவு சர்க்கரை என்று நான் சாயங்காலம் வரைக்கும் சொன்னேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்குக் குழாயை அடுக்களை வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினேன். செங்கல் நிறம் அடியில் படிந்து கிடந்தது.

"பார். கண் போற நிறம் இதுதான்."

முதல் தடவையாக அம்மா அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கொடியில் தனியாக உலர்த்தியிருந்த மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தவள், சுவாமி படங்களுக்கு முன்னால் ஒரு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து வைத்தாள்.

"இன்னிலேருந்து எனக்கு விரதம். அவர் கண்ணுக்காக வேண்டிண்டிருக்கேன். டாக்டர் கட்டு அவுக்கற வரைக்கும் அன்னம் தொடமாட்டேன். ரெண்டு பேருக்கும் பலகாரம்தான்."

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. விரத நாளில் பலகாரமே சாப்பாடு. அவர் சப்பாத்தியோடு எழுந்தால் அவள் சப்பாத்திக்கு உட்காரலாம். நான் முந்தின நாள் சாயங்காலம் வரை தொண்டை வறளச் சொன்னதில் ஒரு வார்த்தை அதில் இல்லை.

நான் மாவை எடுக்கப் போனேன்.

"தொடாதே. விரதத்துக்கு மடியாத்தான் பண்ணணும். நீ எட்ட நில்லு."

தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்தாள். தண்ணீர் படாத மாவு என்றால் மடிக்கு இன்னும் விசேஷம். பாலில் இருப்பதும் ஒரு சர்க்கரை என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அடுப்பில் தன் தோசைக்கல்லையே ஏற்றினாள்.

"கல்லு போயிடும்னியே?"

"இப்போ யார் தோசை திங்கறா?"

ஆனால் அவளுக்குப் பக்குவம் தெரியவில்லை. தடியாக, நடுவில் வேகாமல் வந்தது. அடுக்களைக்குள் கால் வைக்க முடியாமல், லீவு நாட்களில் நான் வாசற்படியில் நின்று தவித்தேன். "திருப்பு அம்மா. இப்போ. ஐயோ, இப்போ!" அவள் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் தாமதித்துத் திருப்புவாள். கிணற்றடியில் மாமி கேட்டாள்: "என்னடி, உங்கம்மாவையும் பட்டாளத்திலே சேத்தாச்சா? ஆர்டர் இங்கே வரைக்கும் கேக்கறதே."

விடியலில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சம்புடம் வேண்டாம், வேட்டித்துணி வேண்டாம். உச்சி வேளையில் சப்பாத்தி கல்லிலிருந்து நேரே இலைக்குப் போயிற்று. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நான் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

செங்கல், மஞ்சளாயிற்று. பல நாள் மஞ்சளிலேயே நின்று உயிரை எடுத்தது. பிறகு பச்சை. இடவம் பிறந்து காற்று மாறிக் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், கொதித்த பிறகும் குழாய் நீலமாக இருந்தது. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று வேறு மருந்தில் பார்த்தேன். நீலம்.

கொட்டில் வாசலில் அப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கலர்?"

"நீலம் அப்பா."

"எந்த நீலம்? படத்திலே ஆத்துக்கு அடிக்கறதா, கடலுக்கு அடிக்கறதா?"

"கடலுக்கு."

அவர் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய், அம்மாவிடம், "கடல் வந்தாச்சு," என்று சொன்னது கேட்டது.

மழைக்கு முன்னால் கடைசியாக டாக்டர் புரை எடுத்த கண்களில் அப்பாவின் வலது கண்ணும் ஒன்று. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாதே, இருமாதே, மெல்லாதே என்று படுக்க வைத்தார்கள். அம்மா சப்பாத்தியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, விரலால் கசக்கிக் கூழாக்கி ஊட்டினாள். ஆஸ்பத்திரி ஓட்டின்மேல் மழை இரைந்துகொண்டே இருந்தது. கட்டுக்கு அடியில் சீழ் பிடிக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் எந்த நீல மருந்தும் இல்லை.

கட்டை அவிழ்த்த அன்று டாக்டர் விரல்களை நீட்டி, "எத்ர?" என்று கேட்டார்.

"மூணு," என்றார் அப்பா.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணாடி வரும்வரை எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்றார் டாக்டர். அப்பா மெல்லத் தலையைத் திருப்பி, அம்மா மடியில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"அது என்னது, சிறுத்தைத்தோல் மாதிரி?"

"இதைத்தான் இத்தனை நாளாத் தின்னேள்."

"இவ்வளவு புள்ளியா? கண்ணாடி வரட்டும். எல்லை சரியாத் தெரியலே, தாலுக்கா சொல்ல முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. கட்டு அவிழ்ந்தாயிற்று, விரதமும் அதோடு அவிழ்ந்தது. வேண்டுதல் முடிந்தது, சர்க்கரை முடியவில்லை. அது அவர் இருக்கும்வரை இருக்கும். இடது கண் இன்னும் அப்படியே கிடக்கிறது. வீட்டுக்குப் போனதும் உலை கொதிக்கும், இலை விழும், ஒரு பிடி சாதம் வரும்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் காலை, அம்மா கோவிலுக்குப் போய் மஞ்சள் துணி முடிப்பைச் செலுத்திவிட்டு வந்தாள். மழை விட்டிருந்தது. நான் அடுக்களை வாசற்படியில் போய் நின்றேன். உள்ளே ஒரு பக்கம் அரிசி வைத்த முறம், ஒரு பக்கம் மாவு டின். அம்மா அடுப்பை ஊதி மூட்டினாள். வெகுநேரம் எதையும் ஏற்றவில்லை.

பிறகு கல்லை எடுத்து வைத்தாள்.

"விரதம் முடிஞ்சுதே அம்மா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது. இன்னொரு கண்ணு இருக்கோல்லியோ?"

"அதுக்கு மழையெல்லாம் போய்த் தை மாசம் ஆகும்."

"ஆகட்டும். அதுக்கும் சேத்துத்தான் இன்னிக்கு வேண்டிண்டு வந்தேன்."

மாவை உருட்டி, அப்பளப் பலகையில் இட்டு, கல்லில் போட்டாள். அது நிறம் மாற ஆரம்பித்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"என்ன, இன்னிக்கு ஊமையா நிக்கறே?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "எப்போ திருப்பணும்னு சொல்லு."