ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலை

மண்ணெண்ணெய் வாசனைக்கு ஒரு குணம் உண்டு. கையை எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் சாப்பிட உட்காரும்போது விரலிடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். போன வாரம் திண்டிவனத்தில் அக்கா வீட்டுப் பரணிலிருந்து எங்கள் பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வை இறக்கியபோது, எரிந்து பல வருடமான அதிலிருந்தும் அந்த வாசனை எழ, ஐம்பதை நெருங்கும் நான் முதல் வேலையாக வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. வளவனூரில் நாங்கள் குடியிருந்தபோது எனக்குப் பத்து வயது. எண்ணெய் ஆவியாகச் சீறி வரும் "நிப்பிள்" துளையில் அடைத்த கரியை, தகரப் பட்டை முனையில் மயிரிழைபோல் கம்பி நீட்டிய "பின்"னால் குத்தி எடுப்பது என் உத்தியோகம். "எது ஆனாலும் மொதல்ல காத்தத் தெறந்து வுடு, அப்புறமா பயப்படு" என்பது டாங்கின் மேலிருந்த சின்னத் திருகைக் காட்டி அம்மா சொல்லும் சட்டம். அதில் இரண்டாம் பாதியை மட்டும் நான் தவறாமல் கடைப்பிடித்தேன்.

அக்காவைப் பெண் பார்க்க ஒலக்கூரிலிருந்து ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால், அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டே சாமியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னைக் குத்தினேன். கம்பி துளைக்குள்ளேயே முறிந்து நின்றது. முதுகை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அம்மா ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடானதும் பம்ப் அடித்தாள், சீறவில்லை. "வாஷர் காஞ்சி போச்சி" என்று பம்பைக் கழற்றித் தேங்காயெண்ணெய் தடவி மறுபடி அடித்தாள். ஸ்டவ் வெடித்த கதைகளைக் குழாயடியில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒவ்வொரு அடிக்கும் டாங்க் தவளையாட்டம் உப்புவதாகவே தெரிந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிடச் சுலபமானதைச் செய்தேன்: ஸ்டவ்வை இரண்டு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "வெடிக்கப் போவுது, வழி வுடுங்க!" என்று தெருவில் ஓடினேன்.

எதிரே மாப்பிள்ளை வீட்டார். பாதிப் பேர் வந்த வழியே திரும்பி ஓட, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் என்னை நிறுத்தித் திருகைத் திறந்தார். "புஸ்" என்று காற்று போனது; அதோடு என் அழுகையும் வெளியே வந்தது. "பின்ன ஒட்ச்சிட்டேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றேன், அம்மா பின்னாலேயே நிற்பது தெரியாமல்.

அவர்தான் மாப்பிள்ளை, வயல்களில் மோட்டார் பழுது பார்ப்பவர். "பொண்ணு பாக்க வந்தியா, ஸ்டவ்வு ரிப்பேருக்கு வந்தியாடா?" என்று அவருடைய அப்பா பல்லைக் கடித்தார்.

"இருப்பா, இது எரிஞ்சாத்தான உனக்கு பஜ்ஜி" என்றபடி அவர் எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, நிப்பிளைக் கழற்றித் தட்டி ஊத, முறிந்த கம்பி உள்ளங்கையில் விழுந்தது. இதையெல்லாம் ஜன்னல் வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணை அவர் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பெண் பார்த்துவிட்டாள். காபித் தட்டோடு வரவேண்டியவள் சோப்பு டப்பாவும் சொம்புத் தண்ணீருமாக வந்து நிற்க, கடித்த பல்லை விட்டு அவருடைய அப்பாவே சிரித்துவிட்டார். கல்யாணத்துக்குச் சீரோடு ஸ்டவ்வும் போனது.

அந்த மாமா போன ஐப்பசியில் தவறிவிட்டார். "ஒரு தடவ எரிய வெச்சிக் காட்டுடா" என்று அக்கா கேட்டதால்தான் இறக்கினேன். விழுப்புரத்தில் நான்கு கடை ஏறி இறங்கியும் ஸ்டவ் பின் கிடைக்கவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்துக் குத்தினேன். பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி வாஷராக்கினேன். தேடிப் பிடித்த அரை லிட்டர் மண்ணெண்ணெயை ஊற்றி, பர்னரைச் சூடாக்கிப் பம்ப் அடித்தேன். பத்து, பதினைந்து. சீறவில்லை. கால்கள் தாமாக வாசல் பக்கம் திரும்பின. அம்மாவின் சட்டத்தை வாழ்க்கையில் முதல்முறையாக வரிசை மாறாமல் நிறைவேற்றினேன்: திருகைத் திறந்தேன், பிறகு பயந்தேன்.

"எழுந்து ஓடிடாதடா" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கி எதிர்ல யாரும் வர மாட்டாங்க."

"நீ போயி சோப்ப எடுத்து வை அக்கா" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து நிப்பிளைக் கழற்றித் தட்டினேன்.